ஓரகத்தி வூட்டு மழை

மழை இருந்துச்சி, மேகம் இல்ல. குளிரு இருந்துச்சி, மார்கழி இல்ல. அப்படி ஒரு வூடு இருந்துச்சி, அதுவும் வேலூர்ல, அதுவும் அக்னி நட்சத்திரத்துல, அதுவும் என் வூட்டை ஒட்டுனாப்ல, என் ஓரகத்தி ரஞ்சிதத்து வூடு. எங்கயோ யார் வூட்லயோ பெஞ்சிருந்தா நல்லா இருக்கட்டும்னு சொல்லிட்டு நானும் ரெண்டு கொடம் தண்ணி புடிச்சிக்கினு வந்திருப்பேன். ஆனா பெஞ்சது ரஞ்சிதத்து வூட்ல. அதான் இம்மாம் பெரிய கதையா ஆயிப்போச்சி.

தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராசா இல்லாத கோட்டைன்னு எங்க ஊர வெளியூர்க்காரன் கேலி பேசுவான். பேசட்டும். அதெல்லாம் எல்லாருக்கும் சேர்ந்தாப்ல இல்லாதது. எல்லாருக்கும் இல்லாதது யாரையும் உறுத்தாது. பக்கத்துல இருக்கறவளுக்கு மட்டும் இருக்குது பாருங்க, அதுதான் தூக்கத்த கெடுக்கும்.

எங்க மாமனாருக்கு ரெண்டு புள்ளைங்க. பெரியவரு எனக்கு, சின்னவரு ரஞ்சிதத்துக்கு. ஒரே வூடு, நடுவுல செவுரு எழுப்பி ரெண்டா பிரிச்சிக்கினோம். செவுரு வெச்ச கொத்தனாரு மூணு விரக்கடை எங்க பக்கம் தள்ளி வெச்சிட்டான். அவனுக்கு ரஞ்சிதம் தினம் கேழ்வரகு கூழும் முள்ளு கத்திரிக்கா கொழம்பும் ஊத்துனதுதான் காரணம்னு நான் அப்பவும் சொன்னேன், இப்பவும் சொல்றேன். அவ கல்யாணத்துக்கு பேண்டு செட்டு வந்துச்சி. என் கல்யாணத்துக்கு வந்த நாதஸ்வரக்காரருக்கு ஜலதோஷம். அவளுக்கு மொதல்ல பொறந்தது ஆம்பளப் புள்ள. எனக்கும் ஆம்பளப் புள்ளதான், ஆனா அவளுது ஒரு மாசம் முந்தி. சரி, அத வுடுங்க. சொல்ல வந்தது பேரப் புள்ளைங்க கதை.

என் பேரன் பாரிவேந்தன். ரஞ்சிதத்து பேத்தி சுகப்பிரியா, சுகின்னு கூப்புடுவோம். ரெண்டும் ஒரே வருஷம் இஞ்சினீரிங் முடிச்சிது, ரெண்டும் ரெண்டு வருஷமா வேலை தேடிக்கினு இருந்துச்சி, ரெண்டும் ஒரே கம்பெனிக்கு ஒரே வேலைக்கு எழுதிப் போட்டுச்சி. கன்சல்டன்ட் வேலையாம். "அப்டின்னா இன்னாடா?"ன்னு பாரியக் கேட்டேன். "வேற கம்பெனிக்காரன் கம்ப்யூட்டர்ல இன்னா கோளாறு, எத மாத்தணும், எப்டி மாத்தணும்னு யோசனை சொல்றது ஆயா"ன்னான். எனக்குத் தூக்கி வாரிப்போட்டுச்சி. யோசனை சொல்றதுக்கு சம்பளமா! இந்தத் தெருவுக்கு நாப்பது வருஷமா நான் ஓசியில சொல்லிக்கினு இருக்கேன். பூக்கார செண்பகத்து புருஷன் ஓடிப்போனப்ப, போலீசுக்குப் போவாத, அவன் அக்கா வூட்டுக்குப் போன்னு சொன்னது யாரு? நானு. அங்கதான் குந்திக்கினு இட்லி தின்னுக்கினு இருந்தான்.

இன்டர்வியூவு ஒரு வெள்ளிக்கெழம. வூட்ல இருந்தபடிக்கே கம்ப்யூட்டர்ல மூஞ்சியப் பாத்து பேசறது. பாரிக்கு பதினோரு மணி, சுகிக்கு பன்னெண்டு இருவது. பாரி குளிச்சி, சட்டைய இஸ்திரி போட்டு, கீழ லுங்கியோட, கவர்மெண்டு குடுத்த லேப்டாப்ப தொறந்து வெச்சிக்கினு குந்துனான். அது பேட்டரி செத்து மூணு வருஷம் ஆவுது, பிளக்குல சொருவுனாதான் உசிரு. நான் காலண்டர்ல முந்தின நாள் தாளக் கிழிக்க மறந்துட்டேன். கிழிச்சிப் பாத்தா, பத்தரை டு பன்னெண்டு ராகுகாலம்.

ராகுகாலம்னா உங்களுக்கு வெளையாட்டா இருக்கும். எங்க பெரியண்ணன் ராகுகாலத்துல கெளம்பி காட்பாடியில ரயில் ஏறி தபாலாபீசு வேலைக்குப் போனாரு. வேலை கெடச்சிது, யாரு இல்லேன்னா. கூடவே அங்க ஒரு பொண்டாட்டியும் கெடச்சா. அவ எங்கம்மாவ சாவுற வரைக்கும் வாசப்படி மிதிக்க வுடல. ராகுகாலம் வேலையக் கெடுக்காது, வேலைக்கப்பால இருக்கறதக் கெடுக்கும். அது தெரிஞ்சவ நான். தெரிஞ்சிக்கினு சும்மா இருக்க முடியுமா?

உள்ள பாரி, "குட் மார்னிங், மை நேம் ஈஸ்"ன்னு ஆரம்பிச்சிட்டான். நான் நடைக்கு வந்தேன். ரெண்டு வூட்டு மீட்டரும் அங்கதான். எங்க வூட்டு பீஸ் கட்டையப் புடுங்குனேன். மடியில கட்டிக்கினேன். ஒரு மணி நேரம்தானே, பன்னெண்டு அடிச்சதும் சொருவிட்டா திரும்பக் கூப்ட்டுக் கேக்கப் போறாங்க, பொண்ணு பாக்க வந்தவங்க கூட காப்பிக்குக் காத்திருக்கறது இல்லையான்னு நெனச்சேன். பாரி வெளிய ஓடியாந்தான், கரண்டு ஆபீசுக்கு சைக்கிள மிதிச்சான், கம்பெனிக்கு போன் போட்டான், கெஞ்சுனான். மெயில் வரும்னாங்க. பன்னெண்டு அஞ்சுக்கு கட்டைய சொருவிட்டு, "கரண்டு வந்துடுச்சிடா கண்ணு, பீஸ் லூசா இருந்திருக்கும்"னு சொன்னேன். மெயில் வர்ல. சுகிக்கு வந்துச்சி.

அன்னிக்கு ரஞ்சிதம் சர்க்கரைய உள்ளங்கையில வெச்சிக்கினு வந்தா. "அக்கா, வாயத் தொறங்க"ன்னா. தொறந்தேன். அது நாக்குல கரையவே இல்ல.

அப்பால ஒரு திங்கக்கெழம. மதியானம் ஒன்னரை மணி, சுகிக்கு மொத நாள் வேலை. கடல் தாண்டி எங்கயோ வடக்கால ஒரு துறைமுகத்து ஊரு, பேரு வாயில நுழையாது, அந்த ஊரு கம்பெனிக்காரங்களுக்கு இவ யோசனை சொல்லணும். அவங்களுக்குக் காலையில ஆபீசு தொறக்கறப்ப நமக்கு மதியானம். சுகி லேப்டாப்ப தொறந்தா, "ஹலோ"ன்னா, ஃபேனு இருக்குது பாருங்க, அந்த ஃபேன்லருந்து சாரல் அடிக்க ஆரம்பிச்சிது. நாலு மூலையிலருந்தும் பனிமூட்டம் கௌம்பி வந்து பீரோவ மறைச்சிது. அந்த ஊர்ல அன்னிக்கு அதுதான் வானிலை. சுகியோட அம்மா ஓடியாந்து குடையப் புடிச்சா. சுகி ஒரு கையால மூஞ்சியத் தொடச்சிக்கினே மீட்டிங்க முடிச்சா. மீட்டிங் முடிய மழையும் நின்னுது.

மறுநாளும் ஒன்னரைக்கு பெஞ்சிது. அதுக்கு மறுநாளும். தெருவுல யாரும் மூக்குல வெரல வெக்கல. வெயில் நூத்தியெட்டு டிகிரி அடிக்குது, வெரல வெக்க யாருக்கு நேரம்? கொடத்தத் தூக்கிக்கினு வந்தாங்க. ஃபேனுக்கு நேரா கீழ அண்டா, கட்டில் ஓரமா குண்டான், பீரோ மேல பக்கெட்டு. அந்தத் தண்ணியில துவரம்பருப்பு ரெண்டே விசில்ல மலர்ந்துடும்னு தெருவே பேசுது. செண்பகம் முல்லை மொட்டு கூடைய அங்க கொண்டாந்து வெச்சா, அந்தி சாயற வரைக்கும் ஒரு மொட்டு வாய் தொறக்கல. கைப்புள்ளக்காரி ஒருத்தி வேர்க்குரு வந்த கொழந்தைய மடியில போட்டுக்கினு தெனம் மூலையில குந்திக்குவா. புள்ள பனியப் புடிக்கக் கைய நீட்டும். யாரும் சத்தம் போடக்கூடாது, சுகி மீட்டிங்ல இருக்கா. ஒன்னரை மணியானா எங்க தெருவுல வெங்காய வண்டிக்காரன் கூட மைக்க அணைச்சிட்டு, "வெங்காயம்"னு காதுக்குள்ள சொல்லிக்கினு போவான்.

மாநகராட்சியிலருந்து ஒருத்தர் வந்தாரு. ஆஹா, இப்ப மாட்டுனாடா ரஞ்சிதம்னு நான் செவுத்துல காத வெச்சேன். அந்தாளு மேலயும் கீழயும் பாத்தாரு, சட்டைப் பையிலருந்த காகிதத்த நனையாம மறைச்சிக்கினு, "மழை பெய்யற எடத்துல மழைநீர் சேகரிப்புத் தொட்டி இருக்கணும்மா. கூடம்னாலும் அதே சட்டம்தான். பதினஞ்சி நாள் டைம்"னு நோட்டீசு குடுத்துட்டு, ஒரு பாட்டில் தண்ணியும் புடிச்சிக்கினு போயிட்டாரு. அவங்க கூடத்துக்கு நடுவுல ஓட்ட போட்டு பைப்பு வெச்சி கொல்லைக் கெணத்துல வுட்டாங்க. முப்பது வருஷமா காஞ்சி கெடந்த கெணறு. மூணே வாரத்துல தவளை கத்துச்சி.

அந்தத் தவளைச் சத்தத்தக் கூட நான் பொறுத்துக்கினேன். ரஞ்சிதம் ஸ்வெட்டரு வாங்கிப் போட்டா பாருங்க, அதத்தான் பொறுக்க முடியல. ரோசு கலர் ஸ்வெட்டரு, கழுத்துல மப்ளரு. மே மாசம், ரோட்டுல தார் உருகுது, நாய் எல்லாம் நாக்க தரையில போட்டுக்கினு கெடக்குது, இவ ஸ்வெட்டரு போட்டுக்கினு வாசல்ல வந்து நின்னு கையத் தேச்சி தேச்சி ஊதறா. "இன்னாடி இது வேஷம்?"னேன். "குளுருதுக்கா. உங்களுக்கு சொன்னா புரியாது"ன்னா.

ஒரே செவுரு. அந்தப் பக்கம் ஊட்டி, இந்தப் பக்கம் தோசைக்கல்லு. மதியானம் ஒன்னரை ஆனா அந்த செவுரு வேர்க்கும். யாரும் பாக்காதப்ப நான் ரவிக்கை முதுக அதுல ஒட்டிக்கினு குந்துவேன். என் ஆயுசுல எந்தக் கோயில் தூண்லயும் அப்படி சாஞ்சது இல்ல. நாலு நாள் ஆச்சி. அஞ்சாம் நாள் அந்தப் பக்கத்துலருந்து டொக்கு டொக்குன்னு தட்டுனா.

"அக்கா."

"இன்னாடி?"

"செவுத்துல சாயாதீங்கக்கா. உங்க சூடு இந்தப் பக்கம் வருது."

சொல்லுங்க, இத கேட்டுட்டு ஒருத்தி உசிரோட இருக்கணுமா?

எனக்கும் ஒரு நாள் வந்துச்சி. அந்தக் குளுர்ல மாவு புளிக்கல. ரெண்டு நாள் வெச்சாலும் அரைச்ச மாதிரியே கெடக்குது, இட்லி கல்லா வருது. ரஞ்சிதம் தூக்குல மாவ எடுத்துக்கினு என் வூட்டுக்கு வந்தா. "ராவுக்கு வெச்சிக் குடுங்கக்கா"ன்னா. வெச்சேன். அடுப்பு மேடையில, சூடான எடமா பாத்து, ரெண்டு பொழுது சேத்து வெச்சேன். மாவு பொங்கி, தூக்கு மூடியத் தள்ளி, கள்ளு மாதிரி வாசனை அடிச்சிது. அத அவ தூக்கிக்கினு போறத ஜன்னல்லருந்து பாத்தேன். அந்த மாசத்துல நான் நிம்மதியா தூங்குனது அன்னிக்கு ஒரு நாள்.

இன்னொன்னும் சொல்லிடறேன், மறைச்சி இன்னா ஆவப்போவுது. எங்க தெருவுல யாருக்கு கண்ணு பட்டாலும் சுத்திப் போடறது நாந்தான். சுகிக்கு சளி புடிச்சி நாலு நாள் விடாம தும்முனா, ரஞ்சிதம் என்னத்தான் கூப்ட்டா. மொளகா, உப்பு, தெருமண்ணு, மூணு சுத்து சுத்தி நெருப்புல போட்டேன். திருஷ்டி இல்லேன்னா மொளகா நெடி தொண்டையப் புடிச்சி இருமல் வரணும். இருந்தா நெடியே வராது. கைப்பிடி மொளகா போட்டேன், எரிஞ்சிது, கருகுச்சி, ஒருத்தருக்கும் ஒரு இருமல் வர்ல. கைப்புள்ள கூட சிரிச்சிக்கினு இருந்துச்சி. "யம்மாடி, எம்மாம் பெரிய கண்ணு!"ன்னா செண்பகம். "ஊருக்கண்ணுடி, ஊருக்கண்ணு"ன்னு சொல்லிட்டு நான் தலைய குனிஞ்சிக்கினு வந்துட்டேன்.

பாரி இருக்கானே, அவனுக்கு பொறாமைன்னா எழுத்துக் கூட்டக் கூட தெரியாது. சுகி அம்மாவுக்கு கை வலிக்குதுன்னு இவன் போயி குடை புடிச்சான். தெனம் ஒன்னரையிலருந்து ஒம்போது வரைக்கும், என் பேரன், ரஞ்சிதத்து பேத்திக்கு, குடை! "ஏண்டா உனக்கு ரோசமே இல்லையா?"ன்னேன். "அவ பேசறதக் கேட்டு கத்துக்கறேன் ஆயா. நேத்து அவளுக்கு ஒன்னு வர்ல, நான் சொன்னேன், சரியா இருந்துச்சி"ன்னான். உடம்பெல்லாம் நனைஞ்சி வந்து, என் வூட்டு சூட்டுல நின்னு ஆவி பறக்கக் காயுவான். அவன் ராத்திரி சோத்தப் பெசைஞ்சிக்கினே இருப்பான், வாயில வெக்க மாட்டான். வேலை இல்லாம ரெண்டு வருஷம் ஆச்சி. அவங்கப்பன் லாரி ஓட்டிக்கினு குஜராத்து பக்கம் கெடக்கறான், அவங்கம்மா அங்கன்வாடியில புள்ளைங்களுக்கு மூக்கு தொடைக்கிறா. இன்னும் ஒரு வருஷம் போனா படிச்சதே பழசாயிடும், யாரும் கூப்புட மாட்டாங்கன்னு அவன் அவங்கம்மா கிட்ட சொன்னத கேட்டேன். என் தட்ட எடுத்துக்கினு எழுந்துட்டேன்.

சுகி நல்ல பொண்ணு. அத சொல்றதுக்கு எனக்கு வாய் கசக்குது, ஆனா நல்ல பொண்ணுதான். அவளே தன் மேனேஜரு கிட்ட இவனப் பத்தி சொல்லி, இன்னொரு எடம் காலி இருக்குது, இவனுக்கு இன்னொரு தபா இன்டர்வியூவு வாங்கிக் குடுத்தா. பிரமீளா மேடம்னு பேரு, சென்னையில இருக்கறவங்க. புதன்கெழம மூணு மணி. எங்க லேப்டாப்ப நம்ப முடியாது, சுகியோடது கம்பெனி லேப்டாப்பு, அதனால ரஞ்சிதத்து வூட்லயே குந்தணும். அவ கூடத்துல, அவ மழையில, அவ நாற்காலியில. நான் போவ வேணாம்னுதான் இருந்தேன். சுகி அம்மா அன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா, சுகி உள்ரூம்ல போன்ல அந்த மழை ஊருக்காரங்களோட வேற ஒரு மீட்டிங்கு, ரஞ்சிதத்துக்கு தோள்பட்டை வலி. "பெரியாயா, நீங்க கொஞ்சம் குடை புடிக்கிறீங்களா?"ன்னு சுகி கேட்டா. பாரி என் மூஞ்சியப் பாத்தான். புடிச்சேன்.

அப்பத்தான் நான் மொத மொதலா அந்த மழைக்குள்ள போறேன். எவ்ளோ மெல்லிசு அது! மேல விழுந்ததே தெரியல. அம்பது வருஷத்து வேர்வ ஒரு நிமிஷத்துல அடங்கிப்போச்சி. அதுக்கும் சேத்து எனக்குக் கோவம் வந்துச்சி.

பிரமீளா மேடம் நாலு கேள்வி கேட்டாங்க. பாரி கடகடன்னு சொன்னான். அந்தம்மா தலைய ஆட்டி ஆட்டி எழுதிக்கினாங்க. எனக்குக் குடை புடிச்ச கை கூட வலிக்கல. அப்பால பேனாவக் கீழ வெச்சாங்க.

"பாரிவேந்தன், உங்க ஃபைல்ல ஒன்னு இருக்கு. போன தடவை பாதியில எழுந்து போயிட்டீங்கன்னு."

"போகல மேடம். கரண்டு போயிடுச்சி."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்கப்பா. பதில் தெரியலன்னா கரண்டு போயிடுது."

"நெஜமாத்தான் மேடம்."

"அன்னிக்கு சுகப்பிரியாவும் இதே டோர் நம்பர். கரண்டு பிரச்சினை இருக்கான்னு அவங்களக் கேட்டிருக்கோம். காலையிலருந்து நல்லா இருக்குன்னு சொல்லியிருக்காங்க. அவங்களுக்கு இருந்து உங்களுக்கு மட்டும் போச்சா?"

"எங்க வூட்ல மட்டும்தான் மேடம் போச்சி."

"யார் சரி பண்ணாங்க?"

பாரி யோசிச்சான். "தானா வந்துடுச்சி மேடம்."

அந்தம்மா ஃபைல மூடுனாங்க. "பாருங்க, உங்களுக்கு வேலை தெரியுது. ஆனா நாங்க க்ளையண்ட் கிட்ட அனுப்பறது யோசனை சொல்ற ஆள. அவர் சொல்றத அவங்க நம்பணும். தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாம். பொய் சொல்ற ஒருத்தர நான் எப்படி அனுப்பறது?"

"பொய் இல்ல மேடம்"னு அவன் சொன்னான். மழைத்தண்ணியா கண்ணுத்தண்ணியான்னு தெரியாத மாதிரி மூஞ்சியத் தொடச்சிக்கினான்.

ரஞ்சிதம் எதிர்ல கட்டில்ல ஸ்வெட்டரு போட்டுக்கினு குந்திக்கினு இருக்கா. நான் வாயத் தொறந்தா அவளுக்கு முன்னாடி தொறக்கணும். அம்பது வருஷத்துல அவகிட்ட நான் ஒரு தப்பக் கூட ஒத்துக்கினது இல்ல. என் கையால ஒடுங்குன ஈயப் பாத்திரத்தக் கூட அவ புள்ளதான் ஒடுக்குனான்னு சாதிச்சவ. வாயத் தொறக்கலேன்னா என் பேரன் திருடன் மாதிரி தலைய தொங்கப் போட்டுக்கினு எழுந்திரிக்கணும். சத்தியமா சொல்றேன், ஒடனே தொறக்கல. ரஞ்சிதத்து மூஞ்சியப் பாத்தேன், பாரியோட பிடரியப் பாத்தேன், ரஞ்சிதத்து மூஞ்சியப் பாத்தேன். அந்தம்மா, "ஓகே, தேங்க்யூ"ன்னு ஆரம்பிச்சிட்டாங்க.

"கட்டைய புடுங்குனது நானு!"ன்னு கத்திட்டேன். குடை சாஞ்சிது, லேப்டாப்பு நனைஞ்சிது, நானே முந்தானையப் போட்டு மூடுனேன். "மேடம், இந்தப் பையன் பொய் சொல்லல. ராகுகாலம்னு நாந்தான் பீஸ் கட்டைய புடுங்கி மடியில கட்டிக்கினேன். பன்னெண்டு அடிச்சதும் திரும்ப சொருவுனேன். நீங்க காத்திருப்பீங்கன்னு நெனச்சேன். அவனுக்கு இது தெரியாது. இந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது."

பாரி திரும்பல.

"நீங்க யாரும்மா?"ன்னாங்க.

"ஆயா. அவனப் பெத்தவனப் பெத்தவ."

"சாட்சி யாராவது இருக்காங்களா?"ன்னு நெஜமா கேட்டாங்களோ, வெளையாட்டாத்தான் கேட்டாங்களோ, எனக்குத் தெரியல, உதட்டு ஓரத்துல சிரிப்பு மாதிரி ஒன்னு இருந்துச்சி.

"நான் பாத்தேன்."

ரஞ்சிதம்! கட்டில்லருந்து எழுந்து நின்னுக்கினு சொல்றா. "நடையில கோலமாவு எடுக்க வந்தேன். அக்கா கட்டையக் கழட்டி மடியில வெச்சத பாத்தேன். பையன் சைக்கிள எடுத்துக்கினு ஓடுனப்ப கூட வாசல்லதான் நின்னேன்."

"பாத்துட்டு ஏண்டி சொல்லல?"ன்னேன் நானு.

அவ மப்ளர அவுத்து கையில சுத்திக்கினா. "ஒரு எடம்தான்னு சொன்னாங்கக்கா. சுகிக்குக் கெடைக்கட்டும்னு கம்முனு இருந்துட்டேன்."

அடிப்பாவி, நான் அறியாம பண்ணேன், இவ அறிஞ்சி பண்ணியிருக்கா. திட்டலாம்னு வாயத் தொறந்தேன். அவ கண்ணப் பாத்தேன். அந்த ஒரு எடம் என் பேரனுக்குக் கெடைக்கற மாதிரி இருந்து, அவ மடியில கட்டை இருந்திருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்னு நெனச்சிப் பாத்தேன். வாய மூடிக்கினேன்.

பிரமீளா மேடம் தண்ணி குடிச்சாங்க. "பாரிவேந்தன், நாங்க மெயில் அனுப்பறோம்"னு சொல்லிட்டு போயிட்டாங்க.

பாரி என்கிட்ட பதினோரு நாள் பேசல. சோத்த வெச்சா தின்னான், தட்ட அவனே கழுவி வெச்சான், அவ்ளோதான். புள்ள திட்டியிருந்தா கூட தாங்கியிருப்பேன். பன்னெண்டாம் நாள் காலையில சமையக்கட்டு வாசல்ல வந்து நின்னு, "வேலை கெடச்சிடுச்சி ஆயா"ன்னான். நான் அழுதேன். "இனிமே எதையும் புடுங்காத"ன்னான். அதுதான் அவன் சொன்ன மன்னிப்பு.

நானும் சும்மா இருப்பனா? வெயில் குறையாத மாசத்துல லாங் பஜாருக்குப் போயி ஸ்வெட்டரு வாங்குனேன், நீலக் கலர்ல, அவளுத விட ரெண்டு நூல் கூடவே தடிமனா. மொத நாள் ஒம்போது மணிக்கு பாரி லேப்டாப்ப தொறந்தான். கூடத்துல அண்டா, குண்டான், தெருப் பொம்பளைங்க அத்தினி பேரும். நான் ஸ்வெட்டரோட ஃபேனுக்குக் கீழ நின்னேன். "ஹலோ"ன்னான். ஃபேன்லருந்து அனல் அடிச்சிது. அப்பறம் லேசா தோல் பதனிடற வாடை. அப்பறம் இன்னும் கொஞ்சம் அனல். பாரி யோசனை சொல்ல வேண்டிய கம்பெனி ராணிப்பேட்டையில தோல் பதனிடற தோல் ஷாப்பு. நம்மூர்லருந்து இருவது கிலோமீட்டரு. அங்க இன்னா வெயிலோ அதே வெயிலு. ஏற்கெனவே இருந்த நம்ப வெயிலோட அதுவும் சேந்துக்கிச்சி. பொம்பளைங்க மொகத்த சுளிக்காம கொடத்த எடுத்துக்கினு ஒருத்தர் பின்னால ஒருத்தரா பக்கத்து வூட்டுக்குப் போனாங்க. ஒருத்தி கூட சிரிக்கல. அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சிது.

அப்பால பாரிய அங்கயே நேர்ல வரச் சொல்லிட்டாங்க. காலையில எட்டு மணி பஸ்ஸு, சாயங்காலம் ஆறரைக்கு வூடு.

கதை இதோட முடிஞ்சிருந்தா நான் ஒங்ககிட்ட சொல்லியிருக்கவே மாட்டேன். ஐப்பசி மாசம் சுகிக்கு ஒரு மெயில் வந்துச்சி. யோசனைய இனிமே நேர்ல வந்து சொல்லணுமாம், அந்த மழை ஊருக்கே. ஆன்சைட்டுன்னு சொன்னாங்க. மூணு வருஷமாம். தெருவே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து வழியனுப்புச்சி. ரஞ்சிதம் பெருமையில ரெண்டு அடி ஒசந்து நடந்தா. நானும் வந்தேன், நானும் சிரிச்சேன், சிரிச்ச வாய் ரெண்டு நாளைக்கு வலிச்சிது. ஆன்சைட்டு! நம்புளுது ராணிப்பேட்டை.

மறுநாள் ஒன்னரை மணிக்கு பொம்பளைங்க கொடத்தோட வந்து நின்னாங்க. ரஞ்சிதம் ஃபேன போட்டா. காத்துதான் வந்துச்சி. மழை யாரு கூட வந்துச்சோ அவ கூடவே போயிடுச்சி. ரெண்டு நாள் வந்தாங்க, மூணாம் நாள் யாரும் வர்ல. செண்பகம் பூவ ஈரத்துணியில சுத்திக்கினு கோயில் வாசலுக்கே போயிட்டா. செவுரு காஞ்சிடுச்சி. சுகியோட அப்பன் ஆத்தா வேலைக்குப் போயிட்டா அந்தக் கூடத்துல ரஞ்சிதம் ஒருத்திதான். சுகி போன் பண்ணுவா, ஞாயித்துக்கெழம, கால் மணி நேரம். அங்க மழை பெய்யற சத்தம் போன்ல கேக்குமாம். அது கேக்கறதுக்காக ரஞ்சிதம் பேசாம கம்முனு இருப்பாளாம்.

இப்ப தெனம் ஆறரை மணிக்கு பாரி வரான். ஷூவ அவுக்கறான், சாக்ஸ மோந்து பாத்து மூஞ்சிய சுளிக்கறான், "ஆயா, பசிக்குது"ன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தறான். நான் தோசை ஊத்தறேன். ரஞ்சிதம் அவ வாசப்படியில குந்திக்கினு பாக்கறா. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அம்பது வருஷமா என் கண்ணுலருந்து அவ மேல போன பார்வை அது, இப்பத்தான் மொத மொதலா திரும்பி வருது. அது மேல பட்டதும், ஐயோ, எப்டி சொல்லுவேன், எந்த மழையும் அப்படி என்ன குளுர வெச்சது இல்ல.

கதவ சாத்திட்டு தோசை ஊத்துன்னு பாரி சொல்றான். சாத்த மாட்டேன். அவ பாக்கணும். இன்னொரு தோசை வெச்சிக்கடான்னு வேணும்னே சத்தமா சொல்றேன்.

அங்கருந்து அவ கேக்கறா, தெனமும், ஒரு நாள் தவறாம: "பாரி, சாப்ட்டியாடா கண்ணு?"

"சாப்புடறேன் சின்னாயா"ன்னு இவன் வாய் நெறைய தோசையோட, மொகம் பூரா சிரிப்போட பதில் சொல்றான்.

அந்த ஒரு பதிலு அவளுக்குப் போவுது பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல.